தலையெழுத்தும் இரத்தக் கணக்கும்

(ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் ஊர்ப் பொதுமக்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இம்மலைக்கு வந்து பேசுகிறவர்கள் வழக்கமாகக் குளிரையும், ஏரியையும், சேர்வராயன் கோயிலையும் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். நான் இன்று பேசப் போவது இரத்தத்தைப் பற்றி. ஒரு சொட்டு இரத்தத்தில் என்னென்ன இருக்கின்றன, அவற்றை மனிதன் எப்படி எண்ணக் கற்றுக்கொண்டான், அப்படி எண்ணியதனால் நமக்கு உண்டான லாபம் என்ன என்பவையே இன்றைய விஷயம்.

"இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, உனக்கு என்ன யோக்கியதை?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் அல்ல. காலேஜ் படியை மிதித்தவனும் அல்ல. புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டவன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வியாதி வருகிறவன் டாக்டர் படிப்புப் படித்துவிட்டா வியாதியை வாங்கிக்கொள்ளுகிறான்? உடம்பு நம்முடையது. அந்த உடம்பைப் பற்றிய அறிவு மாத்திரம் ஏன் பிறருடையதாக இருக்க வேண்டும்?

நாம் சொல்லும் காரணங்கள்

நம் ஊரில் ஒருவன் நாளுக்கு நாள் இளைத்துப் போகிறான், காய்ச்சல் விடவில்லை, வாயெல்லாம் புண் என்றால், பக்கத்து வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? "கிரகம் சரியில்லை" என்பார் ஒருவர். "செய்வினை" என்பார் இன்னொருவர். "சாமி குத்தம்" என்பார் மூன்றாமவர். ஒன்றும் தோன்றாதவர் "அவன் தலையெழுத்து" என்று முடித்துவிடுவார். அவன் புதிதாகக் கலியாணம் ஆனவனாக இருந்தாலோ கேட்கவே வேண்டாம். பழி முழுவதும் வந்த மருமகள் தலையில்தான்! "அவள் ராசி அப்படி" என்று ஒரே வார்த்தையில் ஒரு பெண்ணின் வாழ்வைத் தொலைத்துவிடுவார்கள்.

இந்தக் காரணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இவற்றில் ஒன்றையாவது அளந்து பார்க்க முடியாது. சாமி குத்தம் போன மாதம் எவ்வளவு இருந்தது? கிடா வெட்டிய பிறகு எவ்வளவு குறைந்தது? செய்வினை எடுத்தவன் முழுவதையும் எடுத்தானா, பாதியை விட்டுவைத்தானா? கேட்டுப் பாருங்கள், பதில் இராது. பணம் மாத்திரம் கணக்காக எண்ணி வாங்கிக்கொள்ளுவார்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு லாரி கிளீனர், இந்த ஜில்லாக்காரர்தான். காய்ச்சலும் இருமலும் கண்டு எலும்பும் தோலுமாய்ப் போனார். வீட்டார் ஒரு வருஷ காலம் கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். ஒரு வைத்தியர், பெயர் வேண்டாம், "இந்த லேகியத்தில் எய்ட்ஸ் வேரோடு போய்விடும்" என்று சொல்லி, மனைவியின் தோடு வரைக்கும் விற்க வைத்தார். எய்ட்ஸைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொண்டு எந்த மருந்தையும் விற்கக் கூடாது என்று இந்நாட்டு மருந்துச் சட்ட விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அந்த விதி லேகியக்காரருக்கு எட்டினாலும், தோட்டை விற்றவளுக்கு எட்டவில்லை. கடைசியில் அவரைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரத்தத்தை எடுத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். கணக்கு 42. அந்த 42 என்பது என்ன? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரே முகம், வேறு வேறு வேலை

இரத்தத்தில் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் இருக்கின்றன என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளையணுக்கள் நம் உடம்பின் காவற்காரர்கள். இவர்களிலே ஒரு பிரிவினர் கிருமியை விழுங்குகிறார்கள். ஒரு பிரிவினர் கிருமி புகுந்த அணுவைக் கொல்லுகிறார்கள். ஒரு பிரிவினர் எதிர்ப்பொருள் என்னும் ஆயுதத்தைச் செய்கிறார்கள். இவர்களையெல்லாம் ஏவி வேலை வாங்குகிற மேஸ்திரி போன்ற ஒரு பிரிவும் உண்டு. தோட்டத்தில் மேஸ்திரி இல்லாவிட்டால் ஆள் இருந்தும் வேலை நடக்காததுபோல், இந்தப் பிரிவு அழிந்தால் மற்றக் காவற்காரர்கள் இருந்தும் பயன் இல்லை.

சங்கடம் என்னவென்றால், கொல்லுகிறவனும் மேஸ்திரியும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் ஒரே மாதிரியாக இருப்பார்கள். இரண்டும் உருண்டை, ஒரே அளவு, ஒரே நிறம். ஆனால் அணுவின் மேல்தோலில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் புரத அடையாளங்கள் உண்டு. 1982-ஆம் வருஷம் பாரிஸ் நகரில் பல தேசத்து விஞ்ஞானிகள் கூடி, இந்த அடையாளங்களுக்குப் பொதுவாக 'சிடி' என்று பெயரிட்டு, நம்பர் கொடுக்க ஆரம்பித்தார்கள். மேஸ்திரியின் அடையாளம் சிடி4. கொல்லுகிறவனுடையது சிடி8. ஆயுதம் செய்கிறவன் பிரிவுக்குச் சிடி19. இப்போது 300-க்கும் மேற்பட்ட நம்பர்கள் ஆகிவிட்டன.

இந்த நோயைப் பரப்பும் எச்.ஐ.வி. கிருமி, சிடி4 என்ற அடையாளத்தையே கதவாகக் கொண்டு உள்ளே புகுந்து மேஸ்திரிகளை அழிக்கிறது. நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 500 முதல் 1500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் வியாதி முற்றிய நிலை என்று அர்த்தம். கிளீனருக்கு இருந்தது 42.

அடையாளத்துக்கு விளக்கு ஏற்றுதல்

கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தை எப்படி எண்ணுகிறார்கள்? இங்கேதான் மனித அறிவின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பொருள் என்று சொன்னேன் அல்லவா? அது பூட்டுக்கு ஏற்ற சாவி போன்றது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தில் மாத்திரம் போய் ஒட்டும். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்தச் சாவியையே மனிதன் கருவியாக்கிக்கொண்டான். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ் என்பவர் 1941-இல், நிமோனியாக் கிருமியில் ஒட்டும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்தார். ஊதாக் கடந்த ஒளியில் வைத்துப் பார்த்தால், கிருமி இருந்த இடம் பளிச்சென்று ஒளிர்ந்தது.

ஒளிரும் சாயம் என்றால் மாயம் அல்ல. கடைக்காரர் நூறு ரூபாய் நோட்டை ஊதா விளக்கில் காட்டும்போது அதிலுள்ள நூலிழைகள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிற ஒளியாகத் திருப்பிக் கொடுப்பது அந்தச் சாயத்தின் குணம். நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று பார்க்கப் பயன்படும் அதே தத்துவந்தான், சிடி4 அணுவா, வேறு அணுவா என்று பார்க்கவும் பயன்படுகிறது. இந்தச் சாயங்களில் ஒன்றைச் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிறார்கள்.

ஆனால் ஒரே விதமான சாவி கோடிக்கணக்கில் வேண்டுமே! எதிர்ப்பொருள் செய்யும் அணுவை வெளியே எடுத்து வைத்தால் சில நாளில் செத்துவிடும். புற்றுநோய் அணுவோ சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜார்ஜஸ் கோலர் என்ற ஜெர்மானியரும், சீசர் மில்ஸ்டைன் என்ற அர்ஜென்டினாக்காரரும் 1975-இல் எலியின் அணுக்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். மனிதனைக் கொல்லுகிற புற்றுநோயின் சாகாத குணத்தையே மனிதனைக் காக்கிற வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். இதற்காக 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை. உலகமெல்லாம் எடுத்துப் பயன்படுத்திற்று. ஒரு வரி மந்திரத்தைக் காதோடு காதாகச் சொல்லித் தட்சிணை வாங்குகிற நாட்டில் இருக்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காப்பிக்கொட்டை பிரிக்கும் யந்திரம்

அணுவில் சாயம் ஏறிவிட்டது. இனி எண்ண வேண்டும். இதை உங்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபம், ஏனென்றால் நீங்கள் காப்பிக்காரர்கள். உங்கள் தோட்டத்துக் கொட்டை கியூரிங் ஆலைக்குப் போனதும் அங்கே நிறம் பார்த்துப் பிரிக்கும் யந்திரம் ஒன்று இருக்கிறது. கொட்டைகள் சரிவில் வரிசையாக விழும். விழும்போது வெளிச்சம் படும். கறுத்த கொட்டை வந்தால் காற்றை 'புஸ்' என்று ஊதி அதை மாத்திரம் தள்ளிவிடும். மனிதக் கை படுவதே இல்லை.

ஃப்ளோ சைட்டோமீட்டர் என்னும் யந்திரமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். கொட்டைக்குப் பதில் அணு. சரிவுக்குப் பதில் மெல்லிய நீரோட்டம். சாயமேற்றிய இரத்த அணுக்கள் அந்த நீரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது லேசர் ஒளி அவற்றின்மேல் படுகிறது. ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு அணு பெரிதா சிறிதா, உள்ளே மணி மணியாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளுகிறது. எந்த நிறம் ஒளிர்கிறது என்பதைக் கொண்டு எந்த அடையாளம் உடையது என்று கண்டுகொள்ளுகிறது. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அணுக்களைப் பார்த்துவிடும். எண்ணுவது மாத்திரம் செய்யும் யந்திரமும் உண்டு. காப்பிக்கொட்டைபோல் பிரித்தே கொடுக்கும் யந்திரமும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் சொல்லுகிறேன். சிடி4 என்ற ஒரே அடையாளத்தை மாத்திரம் நம்பினால் கணக்குத் தப்பிவிடும். கிருமியை விழுங்கும் வேறொரு வகை அணுவின்மேலும் சிடி4 கொஞ்சம் உண்டு. ஆகவே சிடி3 என்ற இன்னொரு அடையாளத்துக்கு வேறு நிறச் சாயம் போட்டு, இரண்டும் சேர்ந்து ஒளிர்கிற அணுவை மாத்திரம் மேஸ்திரி என்று எண்ணுகிறார்கள். அதோடு விட்டார்களா? எண்ணிக்கை தெரிந்த பொருளை யந்திரத்தில் ஓட்டி, யந்திரமே சரியாக எண்ணுகிறதா என்று சோதிக்கிறார்கள். ஒரே இரத்தத்தைப் பல ஊர்ப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பி, எல்லோரும் ஒரே கணக்குச் சொல்லுகிறார்களா என்றும் ஒத்துப் பார்க்கிறார்கள். ஒரே ஜாதகத்தைப் பத்து ஜோசியரிடம் தனித்தனியே கொடுத்து ஒத்துப் பார்க்க எந்த ஜோசியராவது சம்மதிப்பாரா? சோதனைக்குப் பயப்படாததுதான் அறிவு, பயப்படுவது வியாபாரம்.

கணக்கு முந்தியது, கிருமி பிந்தியது

1981-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வாலிபர்கள் சிலர் விநோதமான நுரையீரல் நோயால் இறந்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்த மைக்கேல் காட்லீப் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும், அப்போது புதிதாக வந்திருந்த எதிர்ப்பொருள்களைக் கொண்டு நோயாளிகளின் வெள்ளையணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மேஸ்திரி அணுக்கள் அநேகமாக இல்லாமலே போயிருந்தன! "இது பாவத்தின் சம்பளம்" என்று அந்த நாட்டிலும் பாதிரிகள் சிலர் பேசினார்கள். பேசினவர்கள் பேச, எண்ணினவர்கள் எண்ணினார்கள். எண்ணினவர்கள் காட்டிய வழியில் தேடித்தான் 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்ற அம்மையாரும் லூக் மொன்டாக்னியேயும் கிருமியைக் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டில் அதை முதலில் கண்டதும் ஒரு பெண்தான். "அந்த வியாதி வெள்ளைக்காரனுக்கு; நம்முடைய புண்ணிய பூமிக்கு வராது" என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன், தம்முடைய மாணவி நிர்மலாவை இரத்தம் சேகரித்துப் பார்க்கச் சொன்னார். 1986-இல் அந்த அம்மையார் சேகரித்த இரத்தத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது கிருமி இருப்பது தெரிந்தது. புண்ணிய பூமி என்ற வேலி கிருமிக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு பெண்களும் பெரியவர்கள் வார்த்தையை நம்பிச் சும்மா இருந்திருந்தால், இன்னும் எத்தனை வருஷம் நாம் கண்ணை மூடிக்கொண்டிருப்போமோ!

2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசாங்கம் இந்நோய்க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஆரம்பித்த இடங்களில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. அப்போது மருந்து யாருக்கு முதலில் என்று தீர்மானித்ததில் இந்தச் சிடி4 கணக்குக்கும் பங்கு உண்டு. சிபாரிசுக் கடிதம் தீர்மானிக்கவில்லை. குலம் கோத்திரம் தீர்மானிக்கவில்லை. 2017 முதல், கணக்கு எவ்வளவாக இருந்தாலும் கிருமி இருப்பது தெரிந்த உடனே மருந்து என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, கிருமியையே எண்ணும் பரிசோதனையும் வந்துவிட்டது. ஆனாலும் வந்தவர் எந்த நிலையில் வந்திருக்கிறார், காசம் முதலிய நோய்கள் அவரைத் தாக்கும் அபாயம் எவ்வளவு என்று அறிய, சிடி4 கணக்கை இன்றும் எடுக்கிறார்கள்.

கணக்கை ஜாதகமாக்காதீர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜாதகத்தில் ஊறிய புத்தி எதைக் கண்டாலும் ஜாதகமாக்கிவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு நம்பரைக் கண்டவுடன் "இவ்வளவுதான் நம் ஆயுசு" என்று அழுது மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பர் ஏறிவிட்டது கண்டு "இனி மருந்து வேண்டாம்" என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே மூடத்தனந்தான்.

சிடி4 கணக்குக் காலைக்கும் மாலைக்கும் கொஞ்சம் மாறும், வேறு காய்ச்சல் வந்தால் மாறும், கர்ப்பிணிக்குக் குறையும். ஆகையால் ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு டாக்டர் தீர்ப்புச் சொல்லுவதில்லை. போன கணக்கையும் வந்த கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார். தலையெழுத்து என்பது மாற்ற முடியாது என்று சொல்லி உன்னைக் கையைக் கட்டி உட்கார வைப்பதற்காக ஏற்பட்டது. இரத்தக் கணக்கு மாற்ற வேண்டும் என்பதற்காகவே எடுக்கப்படுவது. அந்தக் கிளீனருக்கு 42 இருந்தது. முதலில் காசத்துக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு கூட்டு மருந்து. வருஷம் ஒன்று கழித்து 190. இன்னும் சில வருஷத்தில் 400-க்கு மேல். இன்று அவர் லாரியில் டிரைவர். எந்தச் சாமி எழுதிய எழுத்தை யார் அழித்தார்கள்?

மருந்து கிருமியை அடியோடு ஒழித்துவிடாது, அடக்கி வைக்கும். ஆகவே தினந்தோறும் விடாமல் சாப்பிட வேண்டும். கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், அவரிடமிருந்து அவருடைய வாழ்க்கைத் துணைக்கு உடலுறவின் வழியே அது பரவுவதும் இல்லை. மருந்தே இல்லாவிட்டால் நோயுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு நூற்றுக்கு 15 முதல் 45 வரை பரவக்கூடும். தாயும் குழந்தையும் மருந்து எடுத்துக்கொண்டால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். எந்தப் பரிகாரத்துக்காவது இப்படி ஒரு கணக்கு உண்டா?

யந்திரத்துக்குத் தெரியாத அடையாளம்

இந்த யந்திரம் எச்.ஐ.வி.க்கு மாத்திரம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்கு விடாத காய்ச்சலும், உடம்பில் கன்றிய திட்டுகளும் வந்து இரத்தப் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டால், எந்தப் பிரிவு அணு கெட்டுப்போயிற்று என்று இதைக் கொண்டே கண்டுபிடிக்கிறார்கள். சிடி19 ஒளிர்ந்தால் ஒரு வகை. சிடி3 ஒளிர்ந்தால் வேறு வகை. மருந்தும் அதற்குத் தக்கபடி. எலும்பு மஜ்ஜை மாற்றுகிறபோது, புது இரத்தத்தை உண்டாக்கும் விதை அணுக்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று சிடி34 அடையாளத்தைக் கொண்டு எண்ணுகிறார்கள்.

300-க்கு மேற்பட்ட அடையாளங்கள் என்று சொன்னேன். அவற்றில் மேல்ஜாதி அணு, கீழ்ஜாதி அணு என்று ஓர் அடையாளம் உண்டா? எஸ்டேட் முதலாளியின் சிடி4 எப்படி ஒளிர்கிறதோ, அப்படியே பழம் பறிக்கும் பெண்ணின் சிடி4-உம் ஒளிர்கிறது. மலைமேல் இருப்பவனுக்கு ஒரு சாயம், கீழே சேலத்தில் இருப்பவனுக்கு ஒரு சாயம் என்று இல்லை. "சுத்த இரத்தம்" என்று மார்தட்டுகிறவர்கள் ஒரு குழாய் கொடுத்துப் பார்க்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

தோழர்களே! இம்மலையில் இந்த நோய் அதிகம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கே மனிதன் இருக்கிறானோ அங்கே எந்த நோயும் வரலாம். வந்தால் ஒளிக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை போட்டு இலவசமாக எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். நம்பிக்கை என்ற சொல்லோடு எனக்கு நெடுநாளாய்ச் சண்டை உண்டு. ஆனால் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்த பிறகு பேசுகிற இந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. விவரம் கேட்க 1097 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவது சிரமந்தான். சேர்வராயன் உச்சிக்கு ஏறுகிற சிரமத்தை விட அதிகம் இல்லை. சிடி4-க்கு எடுக்கும் இரத்தம் உயிரோடிருக்கும் அணுக்களைக் கொண்டது. அதை ஐஸில் வைக்காமல் சாதாரணமாக இரண்டு நாளுக்குள் யந்திரத்தில் வைத்துவிட வேண்டும். ஆகவே வரச்சொன்ன நாளைத் தவறவிட வேண்டாம்.

நோய் உள்ளவரை வேலையிலிருந்து தள்ளவும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கவும், ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கவும் கூடாது என்று 2017-இல் சட்டம் செய்து, 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. சம்மதமில்லாமல் பரிசோதிப்பதும், ஒருவருடைய நோயை ஊருக்குச் சொல்லுவதும் அந்தச் சட்டப்படி தப்பு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் "மருமகள் ராசி" என்று ஒருவர் வாயெடுத்தாலும், "இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுப் பேசு" என்று நீங்கள் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை ஒரு பெண்ணை வீதிக்கு வராமல் காப்பாற்றும்.

நான் சொன்னேன் என்பதற்காக இதில் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள். யந்திரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சரியென்று பட்டால் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.